கேட்காமல் கொடுத்த வரி

மேடையின் முன்விளிம்பில் பலகையை அறுத்து, ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை மட்டும் மேலே தெரிகிற மாதிரி இறக்கியிருந்த மரப்பெட்டிக்குள், மர்செலின் சபைக்குப் பாதி முகம் தெரியப் பக்கவாட்டில் திரும்பி, வாயை ஆவென்று பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளந்த வாயை மூடக் கூடாது. மூடினால் படம் கெட்டுவிடும். ரெழி அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். இந்த நாடகத்தின் இயக்குநர் அவன். அவனுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாகப் பிரான்சுக்குப் போய்ப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பினபோது, மற்றவர்களெல்லாம் ரேடியோவும் சென்ட்டு பாட்டிலும் கொண்டுவர, அந்த மனுஷன் ஒரு தோலுறை நிறைய, கல்லில் வரைந்து அச்சடித்த பழைய கல்லச்சுப் படங்களைக் கொண்டுவந்தாராம். எல்லாம் அந்தக் காலத்துப் பாரீசு நாடகக்காரர்களைப் பற்றின படம், எல்லாமே நையாண்டி. கூலி வாங்கிக்கொண்டு கைதட்டுகிறவர்கள், தகரத்தை உதறி இடி முழக்குகிறவன், மகளுக்கு முகப்பூச்சுப் பூசிவிட்டு மூலையில் உட்கார்ந்து குடிக்கிற நடிகையின் தாய். அதையெல்லாம் கோத்துத்தான் ரெழி நாடகம் பண்ணியிருந்தான். ஒவ்வொரு காட்சியும் ஒரு படமாகத் தொடங்கும். எல்லாரும் அப்படியே உறைந்து நிற்பார்கள். காட்சியின் முதல் சொல்லுக்கு உரியவர் வாயைத் திறந்ததும் படம் உயிர் பெற்று நடமாடும். இப்போது ஓடிக்கொண்டிருந்த கடைசிப் படத்தில் ராஜா வேஷம் கட்டின கிழட்டு நடிகன் ஒருவன் கையை நீட்டியபடி நிற்கிறான், கிரீடம் ஒரு காதுப்பக்கம் சரிந்து கிடக்கிறது, காலுறை கழன்று கணுக்காலில் சுருண்டிருக்கிறது, அவன் காலடியில் பெட்டிக்குள்ளிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவன் தொண்டைக்குழி தெரிய வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான். பெட்டிக்குள் மர்செலின். மேலே ராஜாவாக அவள் புருஷன் பெலவேந்திரம். முதல் சொல் அவருடையது. சபை சிரிக்கும், சிரிப்பு அடங்கினதும் அவர் பேச வேண்டும். என் மகளைக் கூப்பிடு, கிரீடத்தை அவளே கழற்றட்டும். அவ்வளவுதான் வரி. சபை சிரித்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் பேசவில்லை.

நிறுத்தம்தான், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெலவேந்திரத்தின் நிறுத்தம் ஊரறிந்த சங்கதி. மில்லில் ஷிப்ட் முடித்துத் தலைமயிரெல்லாம் பஞ்சோடு ஒத்திகைக்கு ஓடிவந்த காலத்திலிருந்தே அவர் அப்படித்தான். ஒரு நாடகத்தில் பிள்ளை செத்த தந்தி வரும். எழுதினவன் ஒரு பக்கம் வசனம் எழுதி வைத்திருந்தான், ஒப்பாரி மாதிரி. இவர் ஒன்றும் பேசாமல் தந்திக் காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், இனி மடிக்க முடியாது என்கிறவரை மடித்துக்கொண்டே நின்றார். முன்வரிசையில் ஒரு பாதர் இருந்தார், அவர் அங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மர்செலினே பார்த்தாள். அப்போது அவள் கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள், வேஷத்துணி தைத்துக் கொடுக்க வந்தவள். பெட்டியில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் அன்றைக்குப் பதறிப்போய், மடித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிட்டான். பெலவேந்திரம் தந்தியை அப்படியே கீழே வைத்தார். சபை பார்த்துக்கொண்டிருக்கப் பெட்டிப் பக்கம் குனிந்து, ஐயா நீங்களே மேலே வந்து நடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த ஆள் அதோடு நாடகப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியும், குரலும் தாழ்வு என்று யாரோ சொல்ல, பெட்டி மர்செலின் தலையில் விழுந்தது. முதல் நாளே அவளை எதிரில் உட்காரவைத்து இடதுகையைக் காட்டினார். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக் காட்டினார். "இப்படித் தேய்ச்சா குடு. தேய்க்கலன்னா வாயத் தெறக்காத. கேக்காம ஒரு சொல்லு குடுத்தியோ, அன்னிக்கே மூஞ்சியக் கழுவிட்டு எறங்கிடுவேன்." இப்படி மிரட்டின மனுஷனைத்தான் அடுத்த வருஷமே கட்டிக்கொண்டாள், அவள் புத்தியை என்னென்று சொல்ல. கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, மகளுக்குக் கல்யாணம் ஆகி, இத்தனை காலத்தில் ஒரு தரம்கூட அவர் கேட்காமல் அவள் கொடுத்ததில்லை.

அதனால் விரலைப் பார்த்தாள். இடதுகை இடுப்புப்பக்கம் தொங்கியது, சரிகை வைத்த பழைய சட்டையின் கைமடிப்புக்கு வெளியே கட்டைவிரல் தெரிந்தது. அசையவில்லை. சரி, தேய்க்கவில்லை, அப்படியென்றால் நிறுத்தம், என்று ஒரு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பிளந்த வாய்வழியாகப் போய்ப் பலகையில் இருந்த புழுதியைக் கிளப்பியது. வாய் காய்ந்துகொண்டு வந்தது. தாடை கீலில் ஒரு வலி, காதுவரைக்கும் போகிறது. கடைவாயில் அடைத்த பல்லில் காற்றுப் பட்டுக் கூசியது. சபை என் பல்லையெல்லாம் எண்ணி முடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நிறுத்தம்தான். தேய்க்கவில்லையே. வரி மறந்தால் தேய்ப்பார், தேய்க்கவில்லை, எனவே மறக்கவில்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இன்னொரு கணக்குக் குறுக்கே வந்தது. வரி மறந்தவன் விரலைத் தேய்ப்பான். தேய்க்க வேண்டும் என்பதே மறந்தவன் எதைத் தேய்ப்பான்? இப்படியும் ஒன்று இருக்கும் என்று இத்தனை காலத்தில் அவளுக்குத் தோன்றினதே இல்லை. மறுபடி முதலிலிருந்து வந்தாள். தேய்க்கவில்லை, எனவே மறக்கவில்லை. தேய்க்கவில்லை, எனவே எல்லாம் மறந்தாயிற்று. எந்தப் பக்கம் போனாலும் அதே கட்டைவிரலில்தான் வந்து முட்டியது, அது பாட்டுக்குச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

காலையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாரே, அது நினைவுக்கு வந்தது. சட்டை என்று அவள் அடுக்களையிலிருந்தே சொன்னாள், அவரிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், சட்டையைப் பற்றித் தனக்குள் பேசிக்கொள்கிற மாதிரி. ஆமாம் சட்டை என்று எடுத்துக்கொண்டார். வீட்டில் இப்போதெல்லாம் அவளுக்கு அதுதான் பிழைப்பு. கதவு, டம்ளர், செருப்பு இந்தப் பக்கம், எதிர்வீட்டுக்காரர் பெயர் ஆபிரகாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நடுவில் அவர் குரல் நின்றுவிட்டது, இவள் தன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள், அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். எடுத்துக் கொடுத்தது தெரியாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்கிறவனுக்குத் தன் நெஞ்சிலிருந்தே வந்த மாதிரி இருக்க வேண்டும், அதுதானே இந்த வேலை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இவர் வட்டம் போட்டு எண்களைப் போட்டார், முள்ளைப் போடவில்லை. நாடகம் தொடங்கிவிட்டால் மணி பார்க்கக் கூடாது டாக்டர் என்று ஒரு போடு போட்டார், டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த அதே டாக்டர்தான் அப்புறம் அவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இனிமேல் தேறாதம்மா, மெள்ள மெள்ளப் போய்விடும் என்று சொன்னார். புருஷனிடம் அவள் அதைச் சொல்லவில்லை. ரெழியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா, அண்ணனுக்கு ரெஸ்ட் கொடுங்கள் என்பான், வேஷத்தை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடுவான். வேஷம் போனால் இந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் தபாலாபீஸ் வாசலில் நின்றாரே, அதே நாள் சாயங்காலம் ஒத்திகையில் தன்னுடைய மூன்று காட்சியும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. வசனம் இருக்கிறவரைக்கும் ஆள் இருப்பார். டாக்டர் என்ன கண்டார், அவருக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும்.

மகளைக் கூப்பிடு. அந்தச் சொல்லில்தான் சிக்கிக்கொண்டாரோ. பிரான்சில் துலூசிலிருந்து மகள் கிளோத்தில் காலையில் போன் பண்ணினாள். அப்பா நல்லா நடிங்கப்பா என்றாள். சாப்பிட்டியாம்மா, குளிராக இருக்கா, பிள்ளைங்க நல்லா இருக்கா என்று எத்தனை பாசமாகப் பேசினார். எந்த ஊரிலிருந்து எவள் கூப்பிட்டாலும் பொருந்துகிற வசனம். போனை வைத்துவிட்டு, நல்ல பொண்ணு, யாரு வீட்டுப் பொண்ணு என்று கேட்டார். மர்செலின் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தாள். நம்ம வீட்டுப் பொண்ணுதான் என்றாள். ஆமாமா, நம்ம வீட்டுப் பொண்ணு, என்று அழகாகச் சிரித்தார்.

சபையில் யாரோ இருமினார்கள். அப்புறம் பின்வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு எழும்பி, தானாகவே வெட்கப்பட்டு அடங்கியது. மின்விசிறி கடகடவென்று சுற்றுகிற சத்தம் தனியாகக் கேட்டது. இன்னும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அதுதான் கொடுமை. அரண்மனைத் தாதியாகத் தட்டைத் தூக்கிப் பிடித்து உறைந்திருந்த தாட்சாயணிக்கு முழங்கை நடுங்க ஆரம்பித்திருந்தது, ஆனாலும் கண்ணில் ஒரு பக்தி. பெலவேந்திரம் அண்ணன் இன்றைக்கு எத்தனை தூரம் இழுக்கிறார் பார் என்கிற பக்தி. படுதாவின் ஓரத்தில் ரெழி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான், முகமெல்லாம் பூரிப்பு. அடப்பாவி, பூரித்துப் போகிறானே. சபைக்குத் தெரிந்தது நீட்டின கையும் நிமிர்ந்த நெஞ்சும்தான். காலடியில் குந்தியிருந்த அவளுக்குத்தான் கண் தெரிந்தது. கண்ணைப் பார்க்காமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போது அவளுக்கே புரிந்தது. பயம், வேறென்ன. பார்த்தாள். பீரோவுக்கு முன்னால் நின்ற அதே கண். அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது, அவள்மேல் படவில்லை.

இந்தப் படத்தை ரெழி முதல்முதலில் மேசைமேல் விரித்துக் காட்டினபோது கூட்டமே கொல்லென்று சிரித்தது, மர்செலினும்தான். பெட்டிக்காரன் வாயைப் பாரு, தவளை மாதிரி, என்று சொன்னவளே அவள்தான். அடியில் பிரெஞ்சில் ஏதோ கிண்டல் அச்சடித்திருந்தது, அதை ரெழி மொழிபெயர்த்துச் சொல்ல இன்னொரு தரம் சிரித்தார்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தக் கிழவன் கம்பீரமாக நடிக்கிறான் என்றா வரைந்தான் அந்தப் பாவி? மறந்துபோய் நிற்கிறான் என்று வரைந்திருக்கிறான். அன்றைக்குக் காசு கொடுத்து உள்ளே வந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு மனுஷன் அத்தனை பேர் முன்னால் தொலைந்துபோகிறதைப் பார்த்து, வீட்டுக்குப் போய்க் கல்லில் வரைந்தான். ஊர் வாங்கிச் சிரித்தது. கடல் தாண்டி இந்த ஊர்வரைக்கும் வந்து சிரிக்கிறது. அந்தக் கிழவனுக்கு வீட்டில் பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்திருப்பாள். அந்தப் படத்தை அவளிடம் யாராவது காட்டியிருப்பார்களா? பெட்டிக்குள் இருந்தவன் ஆட்டம் முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போயிருப்பான், நான்தான் இவரோடு ஒரே வீட்டுக்குப் போக வேண்டும், என்று நினைத்தாள். நினைத்ததும் இன்னொன்று பளிச்சென்று பட்டது. படத்தில் இருக்கிற பெட்டிக்காரன் சொல்லவே இல்லையே. அந்த வாய் திறந்தது திறந்தபடியே இருக்கிறது, சொல் இன்னும் வெளியே வரவில்லை, கிழவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், அத்தனை வருஷமாக நிற்கிறான், இனிமேலும் அப்படியேதான் நிற்பான்.

கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தால் என்ன ஆகும்? நிறுத்தமாக இருந்திருந்தால், ஒரு வேளை, கடவுளே ஒரு வேளை அப்படி இருந்திருந்தால், அவர் பெட்டிப் பக்கம் குனிவார். முகம் சிவக்கும். இத்தனை காலம் காப்பாற்றின சத்தியத்தை இன்றைக்குத் தொலைத்தாயே என்பார். இவள் இனி என்னை நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்துபோகும், கடிகாரம் எதற்கு வரையச் சொன்னார்கள் என்பதும் அதோடு சேர்ந்து தெரிந்துபோகும். மூஞ்சியைக் கழுவிவிட்டு இறங்கிவிடுவார். இறங்கட்டும். அவளுக்கு அப்போது அது ஒரு வரமாகவே பட்டது. சபை முன்னால் திட்டட்டும், நாயே பேயே என்று திட்டட்டும், திட்டுகிறவர் என்றால் ஆள் இருக்கிறார். மாதாவே, கோபம் வரட்டும். மூடாத வாயாலேயே கொடுத்துப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. மகள் என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டும், கூப்பிடு என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டும், பிளந்த வாயால் ஒரு மனுஷி யாரைத்தான் கூப்பிட முடியும். மேலே அவர் நீட்டியிருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ ஆரம்பித்தது. அது ஒத்திகையில் இல்லாதது. மர்செலின் வாயை மூடினாள். எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். படம் கெட்டது கெட்டதுதான். "என் மகளைக் கூப்பிடு," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"என் மகளைக் கூப்பிடு," என்றார் பெலவேந்திரம். ஐயோ, என்ன குரல் அது. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. தாட்சாயணி தட்டை இறக்கிவைத்து ஓடினாள், படம் நடமாட ஆரம்பித்தது. அவர் குனியவில்லை, முகம் சிவக்கவில்லை. அடுத்த சொல்லுக்காக நின்றார். கிரீடத்தை அவளே கழற்றட்டும், என்று கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். அதற்கு அடுத்ததையும் கொடுத்தாள். மகளாக வந்தவள் பேசி முடிக்கிறதும் இவர் கண் பெட்டிக்கு வருவதும், இவள் ஒரு வரி கொடுப்பதும், அது மேலே போய்க் கண்ணீரும் கம்பீரமுமாக விழுவதும், அந்தக் காட்சி முழுக்க அப்படியே போயிற்று. இருந்த வரி அத்தனையும் அவள் வாயிலிருந்துதான் போனது, ஒன்றுகூட அவரிடம் இல்லை. வசனம் இருக்கிறவரைக்கும் ஆள் இருப்பார் என்று நம்பினாளே, அந்த நம்பிக்கையை அவளே வரிவரியாக எடுத்து அவர் கையில் கொடுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். இப்போது வரும், இந்த வரியில் சுள்ளென்று வரும், ஏன்டி கேட்காமல் கொடுத்தாய் என்று ஒரு பார்வையாவது வரும். வரவில்லை. படுதா விழுந்தபோது கைதட்டல் நிற்கவே இல்லை. ரெழி ஓடிவந்து அண்ணனைக் கட்டிப்பிடித்து, இந்த மாதிரி ஒரு நிறுத்தத்தை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று சொல்லி அழுதான், மடையன். சொல்லிவிட்டுச் சபைக்கு நன்றி சொல்ல வெளியே ஓடினான்.

ஆட்டம் முடிந்தால் பெலவேந்திரம்தான் குனிந்து கைகொடுத்து அவளைப் பெட்டியிலிருந்து தூக்கிவிடுவார். அது அவர்களுக்குள் முதல் நாளிலிருந்து இருக்கிற வழக்கம். இன்றைக்கும் வந்தார், சரிந்த கிரீடத்தோடேயே குனிந்தார், கை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்தாள். கைக்கு அவளைத் தெரிகிறதே, வழக்கம் இருக்கிறதே. பிடித்துக்கொண்டு ஏறினாள், முழங்கால் மரத்துப்போயிருந்தது. பாத்து ஏறுங்க என்றார். ஏறுங்க. அவள் காதில் விழுந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் நீ என்றுதான் சொல்லியிருக்கிறார். புடவையில் ஒட்டின புழுதியைத் தட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். அவர் போகவில்லை, ஏதோ சொல்லவேண்டும் என்று தயங்கி நின்றார், ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடம் காட்டுகிற மரியாதையோடு.

"நல்லா எடுத்துக் குடுத்தீங்க," என்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த எடத்துல எப்பவும் என் வீட்டுக்காரிதான் உக்காருவா. நான் கேக்காம ஒரு சொல்லு குடுக்கமாட்டா, அப்படி ஒரு கெட்டிக்காரி. இன்னிக்கு என்னமோ ஆளக் காணோம். நீங்க பாத்திருப்பீங்க, அவ பேரு..."

நின்றார். மர்செலின் காத்திருந்தாள். அவர் கண் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. அப்போது இடதுகைக் கட்டைவிரல் மெள்ள அசைந்து ஆள்காட்டி விரலைத் தேய்த்தது. விரல் மறக்கவில்லை. அப்படியென்றால் மேடையில் அவர் நின்றது நிஜமாகவே நிறுத்தம்தானா என்று ஒரு நினைப்பு அவளுக்குள் எழும்பியது, அதைத் தொட அவளுக்குத் தைரியம் இல்லை. விரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. கேட்கிறார். கேட்டால் கொடுக்க வேண்டும்.

"மர்செலின்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"ஆங், மர்செலின்," என்றார், தன் நெஞ்சிலிருந்தே வந்த மாதிரி. விரல் நின்றது. முகம் தெளிந்துவிட்டது. "வந்தா சொல்லுங்க, மூஞ்சியக் கழுவிட்டு வாசல்ல நிக்கிறேன்னு."

சொல்கிறேன் என்றாள். அவர் கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று பார்த்தார். இடதுபக்கம், என்று அவள் தனக்குள் பேசிக்கொள்கிற மாதிரி சொன்னாள், அவர் இடதுபக்கம் போனார்.